விண்வெளியில் மாதக்கணக்கில் தங்கினால் உடலுக்கு என்ன ஆகிறது? எது மீள்கிறது, எது மீள்வதில்லை?

மாறன் (இழையைத் தொடங்கியவர்)

2025 மார்ச் மாதம் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 286 நாள்களுக்குப் பிறகு பூமிக்குத் திரும்பியபோது, கலத்தின் கதவு திறந்ததும் அவர்களைக் கைத்தாங்கலாக வெளியே எடுத்து, ஸ்ட்ரெச்சரில் அமர்த்திக் கொண்டுசென்ற காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதைத் தொடர்ந்து வந்த காணொளிகளில் ஒன்று எலும்பெல்லாம் கரைந்துவிட்டதாகச் சொன்னது. இன்னொன்று இனி ஆயுள் முழுக்க நோயாளிதான் என்று தீர்ப்பே எழுதிவிட்டது. மறுபுறம், விண்வெளி நிலையத்தில் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் படிக்கிறோம். இரண்டு கூற்றுகளும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை.

மாற்றங்களில் எவை தாமாகச் சரியாகின்றன, எவை தங்கிவிடுகின்றன, செவ்வாய்ப் பயணத்துக்கு உண்மையான தடை எது என்பதைத் துறை அறிந்தவர்கள் பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். காணொளி இணைப்புகள் மட்டும் வேண்டாம்.

செவ்வந்தி

மாறன் அவர்களே, சமநிலை இழந்தவர்களுக்கு மீண்டும் நடக்கப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பதால், ஸ்ட்ரெச்சரைப் பற்றிய பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீண்ட காலம் தங்கித் திரும்பும் எல்லோரையும் அப்படித்தான் கொண்டுசெல்கிறார்கள். எழுந்து நடக்கத் தெம்பு இருப்பவருக்கும் அதே நடைமுறைதான். அதற்கு முதற்காரணம் எலும்போ தசையோ அன்று, உள்காது. நம் உள்காதில் மென்மையான ஒரு படலத்தின்மேல் நுண்ணிய சுண்ணப் படிகங்கள் அமர்ந்திருக்கின்றன. தலையைச் சாய்த்தால் அவை புவியீர்ப்பால் ஒருபக்கம் நகர, அந்த நகர்வை மூளை ‘சாய்வு’ என்று படிக்கிறது. எடையற்ற நிலையில் இந்தக் குறிப்பு பயனற்றுப் போவதால், சில நாள்களுக்குள் மூளை அதைப் புறக்கணித்துவிட்டுக் கண்ணை மட்டுமே நம்பப் பழகிக்கொள்கிறது. மேலே போன முதல் இரண்டு மூன்று நாள்களில் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குமட்டல் வருவது இந்த மறுகணக்கின் விளைவே. 1961இல் வோஸ்டோக் 2 கலத்தில் சென்ற கெர்மன் தித்தோவ்தான் இந்த அவஸ்தையை முதலில் அனுபவித்தவர்.

திரும்பும்போது அதே கணக்கை மறுபடியும் மாற்றி எழுத வேண்டும். கீழே விழுந்த ஒன்றை எடுக்கத் தலையைக் குனிந்தால், உடல் முழுவதும் குட்டிக்கரணம் போடுவதுபோல் தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலின் குதிங்காலை மறு காலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால், தேர்ந்த விமானிகள்கூட இரண்டடியில் தடுமாறுகிறார்கள்.

இரண்டாவது காரணம் இரத்தம். எடையின்மையில் கால்களில் தங்கியிருக்கும் நீர்மம் மார்புக்கும் தலைக்கும் ஏறிவிடுவதால், நீர் அளவுக்கு மிஞ்சிவிட்டதாக உடல் எண்ணி அதைக் குறைத்துவிடுகிறது. இரத்த நீர்மம் 10 முதல் 15 சதவீதம் வரை குறைகிறது. பூமியில் எழுந்து நின்றதும் எஞ்சிய இரத்தம் காலுக்கு இறங்கிவிட, மூளைக்குப் போதாமல் மயக்கம் வரலாம். இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு உப்பும் தண்ணீரும் உட்கொள்ளச் செய்வதும், காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடை அணிவிப்பதும் இதைத் தடுக்கத்தான்.

இவை இரண்டும் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் சரியாகிவிடுபவை. ஸ்ட்ரெச்சரைக் கண்டு ஆயுள்கால நோயாளி என்று சொல்வது, கப்பலிலிருந்து இறங்கித் தள்ளாடுபவரை வாதநோயாளி என்று சொல்வதற்கு ஒப்பானது.

ஆதவன்

தெளிவான விளக்கம். அப்படியானால் எஞ்சியிருப்பது தசையும் எலும்பும் மட்டுமே. அவற்றையும் உடற்பயிற்சி தீர்த்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1970இல் சோயுஸ் 9 கலத்தில் ஏறத்தாழ 18 நாள்கள் இருந்துவிட்டுத் திரும்பிய நிக்கோலாயெவும் செவஸ்தியானோவும் நிற்கவே முடியாமல் தவித்தார்கள். ஆனால் 1994–95இல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் 437 நாள்கள் தொடர்ந்து தங்கிய வலேரி பல்யாக்கோவ், இறங்கியபின் கலத்திலிருந்து அருகிலிருந்த நாற்காலி வரை தம் காலாலேயே நடந்தார். 18 நாளில் படுத்தவர்களுக்கும் 437 நாளில் நடந்தவருக்கும் இடையிலான வேறுபாடு ஒழுங்கான பயிற்சிதானே? செவ்வாய்க்குப் போக ஆகும் காலம் ஏழு எட்டு மாதம்தான்.

இளவேனில்

ஆதவன் ஐயா, பல்யாக்கோவ் தாமே ஒரு மருத்துவர். செவ்வாயில் இறங்கும் மனிதர் நின்று வேலைசெய்ய முடியும் என்று காட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தோடு உழைத்தவர். அவரை அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்றவர்களின் நிலை நமக்குத் தெரியாமல் போய்விடும். நான் பொதுமருத்துவர், விண்வெளி மருத்துவம் என் தனி ஆர்வம். எலும்பு விஷயத்தில் ‘தீர்த்துவிட்டது’ என்ற சொல் பொருந்தாது என்று நினைக்கிறேன்.

எலும்பு உயிருள்ள திசு. ஒருபுறம் பழையதை அரிக்கும் செல்களும் மறுபுறம் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் இயங்குகின்றன. எங்கே சுமை விழுகிறதோ அங்கே கட்டும் வேலை கூடும். சுமையே இல்லாத இடத்தில் அரிப்பு முந்திக்கொள்கிறது. போதிய பயிற்சிக் கருவிகள் இல்லாத காலத்தில் இடுப்பிலும் கீழ் முதுகெலும்பிலும் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறைந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்த அளவு குறைய ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். 2008இன் இறுதியில், வெற்றிட உருளைகளின் எதிர்விசையால் பெருஞ்சுமை தூக்குவதற்கு ஈடான பயிற்சி தரும் கருவி நிலையத்துக்குப் போனபின் நிலைமை வெகுவாக மேம்பட்டது என்பது உண்மை.

ஆனாலும் 2022இல் வெளியான ஆய்வு ஒன்றில், திரும்பி ஓராண்டு ஆனபின் 17 பேரின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை உயர்நுட்ப ஸ்கேன் செய்து பார்த்தபோது, 9 பேருக்கு அது பழைய நிலைக்கு முழுமையாக வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்களிடம் எஞ்சியிருந்த இழப்பு, வயது முதிர்வால் பத்தாண்டுகளில் ஏற்படும் இழப்புக்கு ஈடாக இருந்தது. எலும்பின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தாங்கி நிற்கும் மெல்லிய கம்பி போன்ற இழைகள் அறுந்துவிட்டால், பிறகு எஞ்சியவை தடிக்கின்றனவே தவிர அறுந்தவை மீண்டும் பாலம் கட்டுவதில்லை. அளவு திரும்பினாலும் அமைப்பு திரும்பாது என்பதே எலும்பு மருத்துவர்களின் கவலை.

அரிக்கப்பட்ட கால்சியம் சிறுநீரில்தான் வெளியேறியாக வேண்டும். குடிக்கும் நீர் சற்றுக் குறைந்தாலும் சிறுநீரகக் கல் உருவாக இதைவிடச் சாதகமான சூழல் வேண்டியதில்லை. பாதிவழியில் கல்வலி வந்து துடிப்பவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது செவ்வாய்த் திட்டக்காரர்கள் உண்மையாகவே அஞ்சும் சூழல்களில் ஒன்று.

கடலாடி

வலேரி பல்யாக்கோவ், சுனிதா வில்லியம்ஸ் என்று பெயர்களாகவே பேசுகிறீர்கள். அன்றாடத்தில் அவர்கள் உடலில் கண்ணுக்குத் தெரிவது என்ன? முகம் ஏன் அவ்வளவு உப்பியிருக்கிறது?

செவ்வந்தி

முகம் உப்புவது, மேலே சொன்ன நீர்மம் தலைப்பக்கம் ஏறுவதால்தான். அதே காரணத்தால் மூக்கு எப்போதும் சளி பிடித்ததுபோல் அடைத்துக்கொள்கிறது, சுவை மங்குகிறது, ஆகவே காரமான சாஸ் கேட்டு வாங்குகிறார்கள். கால்கள் மெலிந்து குச்சியாகின்றன. முதுகெலும்பின் தட்டுகள் விரிவதால் உயரம் சில சென்டிமீட்டர் கூடுகிறது. முதல் வாரத்தில் முதுகுவலியும் கூடவே வருகிறது. திரும்பியபின் முதுகுத் தட்டு பிதுங்கும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

பாதத்தைப் பாருங்கள், அதில் கதை முழுவதும் இருக்கிறது. நடப்பதே இல்லையென்பதால் உள்ளங்காலின் காய்ப்புத் தோல் சில வாரங்களில் பாளம் பாளமாக உரிந்து, குழந்தையின் பாதம்போல் மென்மையாகிவிடும். காலுறையைக் கழற்றும்போது உரிந்த தோல் காற்றில் சிதறி மிதக்காதபடி மெதுவாகக் கழற்ற வேண்டியிருக்கும். அதேவேளையில், ஒரே இடத்தில் நிலைத்து நிற்கக் கைப்பிடிக் கம்பிகளுக்கு அடியில் பாதத்தை மாட்டிக்கொள்வதால், பாதத்தின் மேற்புறம் உரசி உரசிக் காய்த்துவிடும். ஆறு மாதத்தில் காய்ப்பு அடியிலிருந்து மேலே இடம்பெயர்ந்துவிடுகிறது.

உடல் அங்கே கெட்டுப்போவதாக நான் கருதவில்லை. அது தான் இருக்கும் இடத்துக்குத் தக்கபடி மிகச் சரியாகவே மாறிக்கொள்கிறது. சிக்கல், அதை மீண்டும் ஈர்ப்புக்குள் இறக்கும்போதுதான் எழுகிறது.

நிலாமுற்றம்

செவ்வந்தி அம்மையாரின் கடைசி வரி தசைக்கும் எலும்புக்கும் இரத்தத்துக்கும் பொருந்தும், கதிர்வீச்சுக்குப் பொருந்தாது. அங்கே தகவமைப்பு என்று ஒன்றே இல்லை, சேதம் மட்டும்தான் உண்டு. கதிரியக்கப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றுவதால் எண்களைச் சற்று விரிவாகவே வைக்கிறேன்.

பூமியில் இயற்கையாக நம்மைத் தாக்கும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு சீவர்ட்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட்). விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருப்பவர் 80 முதல் 160 மில்லிசீவர்ட் வரை ஏற்கிறார். இத்தனைக்கும் நிலையம் பூமியின் காந்தப்புலத்துக்கு உள்ளேதான் சுற்றுகிறது. அதைத் தாண்டினால் அந்தக் கவசமும் இல்லை. 2011 நவம்பரில் ஏவப்பட்ட கியூரியாசிட்டி ஊர்தி, செவ்வாய்க்குப் போகும் வழியெங்கும் கதிர்வீச்சை அளந்துகொண்டே சென்றது. 2013இல் வெளியான அந்த அளவீட்டின்படி பயணத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட், போகவர 360 நாள்கள் என்று கொண்டால் சுமார் 660. செவ்வாயின் தரையில் நாளொன்றுக்கு 0.67 அளவில் பதிவானது. அங்கே 500 நாள்கள் தங்கினால் இன்னும் 300க்கு மேல் சேரும். ஆக மொத்தம் ஒரு சீவர்ட்டை நெருங்குகிறது. புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள் கூட்டும் அளவு இது. நாசா தன் பயணி ஒருவருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 2022இல் வகுத்த உச்சவரம்பு 600 மில்லிசீவர்ட். ஒரே ஒரு செவ்வாய்ப் பயணம் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

தடித்த சுவர் கட்டிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். சூரியன் திடீரென வீசியெறியும் புரோட்டான் புயலுக்கு அது உதவும். தண்ணீரும் பாலிஎத்திலீனும் சூழ்ந்த ஒரு சிறு அறைக்குள் ஓரிரு நாள் ஒடுங்கியிருந்தால் தப்பிவிடலாம். (1972 ஆகஸ்டில் அப்படியொரு பெரும் புயல் அடித்தது. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 16 ஏப்ரலிலும் அப்பல்லோ 17 டிசம்பரிலும் பறந்ததால் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை.) ஆனால் விண்மீன் வெடிப்புகளிலிருந்து வரும் அண்டக் கதிர்களில் இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் பாய்கின்றன. அவை அலுமினியச் சுவரில் மோதும்போது சிதறும் நியூட்ரான்களும் பிற துகள்களும் உள்ளே இருப்பவருக்குப் புதிய தொல்லையாகின்றன. அளவான கவசத்தை இன்னும் கொஞ்சம் தடிமனாக்குவதால் எதிர்பார்க்கும் பயன் கிடைப்பதில்லை.

அப்பல்லோ பயணிகள் இருட்டில் கண்ணை மூடியிருக்கும்போது ஒளிக்கீற்றுகள் பளிச்சிடுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அத்தகைய துகள்கள் கண்ணையே ஊடுருவிச் சென்றதன் அடையாளம் அது.

ஐயப்பாடு

எண்கள் அச்சமூட்டுகின்றன, மனிதர்கள் அப்படி இறந்துபோவதாகத் தெரியவில்லையே? இதுவரை விண்வெளி சென்ற அறுநூற்றுச் சொச்சம் பேரில் புற்றுநோய் மரணம் பொதுமக்களைவிட அதிகம் என்று யாரும் நிறுவவில்லை. இன்னொரு பக்கம், நிலையத்தில் நெடுநாள் தங்கிய நாசா பயணி ஸ்காட் கெல்லியின் டிஎன்ஏ 7 சதவீதம் மாறிவிட்டது என்று 2018இல் உலகமே எழுதியது. இந்தத் துறையில் பாதி அறிவியல், பாதி பரபரப்பு என்பது என் எண்ணம்.

இளவேனில்

ஐயப்பாடு அவர்களே, டிஎன்ஏ 7 சதவீதம் மாறியிருந்தால் அவர் மனிதராகவே திரும்பியிருக்க மாட்டார். நமக்கும் சிம்பன்சிக்கும் இடையே ஒப்பிடத்தக்க பகுதிகளில் உள்ள வேறுபாடே 1 முதல் 2 சதவீதம்தான். நாசா சொன்னது முற்றிலும் வேறு: எந்த மரபணு எவ்வளவு முனைப்பாக இயங்குகிறது என்ற அளவில் விண்வெளியில் ஏற்பட்ட மாற்றங்களில் 93 சதவீதம் திரும்பியபின் பழைய நிலைக்கு வந்தன, எஞ்சிய 7 சதவீதம் ஆறு மாதம் ஆகியும் வரவில்லை. செய்தியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வேறொன்றாக்கிவிட்டார்கள்.

ஸ்காட் 340 நாள்கள் மேலே இருந்தார், அவருடைய இரட்டையர் மார்க் கெல்லி தரையில் இருந்தார். 2019இல் வெளிவந்த முழு ஆய்வில் எனக்கு வியப்பூட்டியது டெலோமியர் பற்றிய பகுதி. குரோமோசோம்களின் முனைக்காப்பான அது, வயதாக ஆகக் குறுகும். விண்வெளியில் இன்னும் வேகமாகக் குறுகும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஸ்காட்டுக்கு அது நீண்டது! திரும்பிய சில நாள்களுக்குள் மளமளவென்று குறைந்து, முன்பிருந்ததைவிடக் குறுகியவற்றின் எண்ணிக்கை கூடியது. அதைவிட நடைமுறையில் முக்கியமானது, அறிவுத்திறன் சோதனைகளில் அவருடைய வேகமும் துல்லியமும் திரும்பியபின் குறைந்து, ஆறு மாதம் வரை அப்படியே இருந்ததுதான். இவ்வளவுக்கும் இது ஒரே ஒருவரின் உடல். இதை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது என்பதை ஆய்வாளர்களே வலியுறுத்தியிருக்கிறார்கள்.

நிலாமுற்றம்

மரணக் கணக்கைப் பற்றி ஒரு சொல். அந்த அறுநூற்றுச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் காந்தப்புலத்துக்கு உள்ளே, அதுவும் குறுகிய காலமே இருந்தவர்கள். மேலும், ஆயிரக்கணக்கானோரில் பொறுக்கியெடுக்கப்பட்ட, புகைப்பழக்கமற்ற, ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படும் உடல்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் எந்த ஆபத்தும் மறைந்துதான் போகும். காந்தப்புலத்தைத் தாண்டி நிலவு வரை சென்ற அப்பல்லோ பயணிகள் 24 பேர். அந்தப் பயணங்களுள் மிக நீண்டதான அப்பல்லோ 17கூட 13 நாளைத் தொடவில்லை. அதை வைத்து மூன்றாண்டுப் பயணம் பாதுகாப்பானது என்று வாதிடுவது கணக்காகாது. ஆனால் கண்புரையைப் பொறுத்தவரை, அதிகக் கதிர்வீச்சு ஏற்ற பயணிகளுக்கு அது சற்று முன்னதாகவே தோன்றுவதாக 2001இலேயே பதிவாகியிருக்கிறது.

வடமீன்

கண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக விசித்திரமான புதிர் புரையோ ஒளிக்கீற்றோ அன்று. பார்வை நரம்பு வீங்குவதுதான்.

நிலையத்தில் சில மாதங்கள் இருந்தவர்கள் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குவதாக நெடுநாளாகவே சொல்லிவந்தார்கள். நடுவயதில் வரும் வெள்ளெழுத்து என்று கருதி, கூடுதல் பவருள்ள கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார்கள். 2011இல் ஏழு பயணிகளின் கண்களைப் பற்றிய மருத்துவ அறிக்கை வெளிவந்தபோதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. விழிக்கோளத்தின் பின்புறம் தட்டையாகியிருந்தது, பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கியிருந்தது, விழித்திரைக்குப் பின்னுள்ள படலத்தில் மடிப்புகள் விழுந்திருந்தன. சிலருக்கு இந்தத் தட்டையும் மடிப்பும் ஆண்டுக்கணக்கில் மாறவில்லை.

தலைக்கு நீர்மம் ஏறுவதால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுகிறது என்பதுதான் முதலில் தந்த விளக்கம். அது அவ்வளவு எளிதாக நிற்கவில்லை. முன்பு பெற்ற சிகிச்சைக்காகத் தலையில் மருந்து செலுத்தும் சிறு குழாய்வழி பொருத்தப்பட்டிருந்த தன்னார்வலர்களை, நொடிக்கணக்கில் எடையின்மை தரும் வளைபாதை விமானத்தில் ஏற்றி அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். 2017இல் வெளியான அம்முடிவின்படி, எடையின்மையில் அழுத்தம் படுத்திருக்கும்போது இருப்பதைவிடக் குறைவு, நிமிர்ந்திருக்கும்போது இருப்பதைவிட அதிகம். நாம் பகலெல்லாம் நிமிர்ந்திருந்து மூளைக்கும் கண்ணுக்கும் ஓய்வு கொடுக்கிறோம். அவர்களுக்கு அந்த ஓய்வு 24 மணி நேரத்தில் ஒருமுறைகூடக் கிடைப்பதில்லை. அளவு சிறியது, ஆனால் இடைவெளியே இல்லை என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் திசை. இடுப்புக்குக் கீழே காற்றழுத்தத்தைக் குறைத்து நீர்மத்தைக் கீழே இழுக்கும் ரஷ்யக் கால்சட்டையையும், தொடையை இறுக்கும் பட்டைகளையும் இதற்குச் சோதித்து வருகிறார்கள்.

உடற்பயிற்சியால் இதற்கு எந்தப் பலனும் இல்லை என்பதை ஆதவன் கவனிக்க வேண்டும்.

ஆதவன்

கவனித்தேன். அப்படியென்றால் தனித்தனியாக மருந்து தேடுவதைவிட, ஈர்ப்பையே செயற்கையாக உண்டாக்கிவிடலாமே? கலத்தைச் சுழலவிட்டால் எலும்பு, கண், உள்காது மூன்றுக்கும் ஒரே தீர்வு ஆகிவிடும். அறுபது ஆண்டாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஏன் செய்வதில்லை?

வடமீன்

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்ற, பெரும்பாலோர் தாங்கக்கூடிய வேகத்தில் புவியீர்ப்புக்கு ஈடான விசை வேண்டுமென்றால் ஆரம் ஏறத்தாழ 224 மீட்டர் இருக்க வேண்டும். ஆரத்தைக் குறைத்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும்; வேகம் கூடினால் தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்காது குழம்பிக் குமட்டும். காலுக்கும் தலைக்கும் கிடைக்கும் விசையும் வேறுபடும். 1966இல் ஜெமினி 11 கலத்தை ஏவூர்தி ஒன்றோடு கயிற்றால் பிணைத்துச் சுழற்றிப் பார்த்தபோது கிடைத்தது, பொருள்கள் மெல்ல ஒருபுறம் நகரும் அளவுக்கான சொற்ப விசைதான். நாளுக்கு அரைமணி நேரம் சிறிய சுழற்றியில் படுத்துக்கொள்ளும் வழியைத் தரையில், தலைப்பக்கம் ஆறு பாகை தாழ்ந்த கட்டிலில் அறுபது நாள் படுத்திருக்கும் தன்னார்வலர்களைக் கொண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இளவேனில்

செவ்வாயில் பூமியின் ஈர்ப்பில் 38 சதவீதம் இருக்கிறது, நிலவில் ஆறில் ஒரு பங்கு. எலும்பைக் காக்க அந்த 38 போதுமா என்று எந்த மனிதரிடமும் இன்னும் சோதிக்கப்படவில்லை. எலிகளைச் சுழற்றியில் வைத்துச் செய்த சோதனைகளே கையில் இருப்பவை.

எனக்கு இந்த எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை வேறு. 2019இல் வெளியான ஒரு ஆய்வுக்காக, நிலையத்தில் இருந்த 11 பேர் தங்கள் கழுத்தில் தாங்களே அல்ட்ராசவுண்டு கருவியை வைத்து ஓட்ட, தரையிலிருந்த வல்லுநர்கள் படத்தைப் பார்த்தபடி ‘சற்று மேலே, இன்னும் அழுத்தி’ என்று வழிநடத்தினார்கள். ஆறு பேருக்குக் கழுத்துச் சிரையில் இரத்தம் தேங்கியோ பின்னோக்கிப் பாய்ந்தோ இருந்தது. ஒருவருக்கு அதில் இரத்தம் உறைந்தே போயிருந்தது. அவருக்கு வலியோ வேறு அறிகுறியோ எதுவும் இல்லை. அந்த உறைவு பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உறைவு மேலும் வளராமல் தடுக்கும் ஊசியோ, அடிபட்டால் இரத்தம் நிற்காமல் ஓடவைக்கும். மேலே கையிருப்பு சில குப்பிகள் மட்டுமே. எடையின்மையில் மருந்து குப்பியின் அடியில் தங்காமல் குமிழ்களோடு கலந்து கிடப்பதால், ஊசியில் இழுப்பதே ஒரு வேலை. ஊசியளவைக் கணக்காகக் குறைத்துக் கடத்தி, வாரக்கணக்கில் காத்திருந்து, சரக்குக் கலத்தில் மாத்திரை வந்து சேர்ந்தபின் அதற்கு மாறினார்கள். தரையிறங்குவதற்கு நான்கு நாள் முன்பு மருந்தை நிறுத்தினார்கள். அவர் நலமாகத் திரும்பினார்.

இப்போது இதையே செவ்வாய்ப் பாதையில் வைத்துப் பாருங்கள். சரக்குக் கலம் வராது. ஒரு கேள்வி கேட்டால் அது பூமியைச் சேர 22 நிமிடம் வரை ஆகலாம், பதில் வர இன்னொரு 22. படம் பார்த்து ‘இன்னும் அழுத்தி’ என்று சொல்ல ஆளில்லை. நிலையத்தில் இன்று வைத்திருக்கும் மருந்துகளில் பாதிக்கு மேல் மூன்றாண்டுப் பயணம் முடியும் முன்பே காலாவதியாகிவிடும் என்று 2024இல் கணக்கிட்டிருக்கிறார்கள். 1985இல் சோவியத் ஒன்றியத்தின் சல்யூட் 7 நிலையத்தில் விளாதிமிர் வஸ்யூத்தினுக்கு உடல்நலம் குன்றியபோது பயணத்தையே இடையில் முடித்துக்கொண்டு மூவரும் இறங்கினார்கள். அந்த வசதி அங்கே இல்லை.

கடலாடி

மனநிலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆறு பேரை ஒரு டப்பாவுக்குள் அடைத்து வைத்தால் சண்டை வராதா?

செவ்வந்தி

2010–11இல் மாஸ்கோவில் ஆறு ஆண்களை மூடிய மாதிரிக் கலத்தில் 520 நாள்கள் வைத்துப் பார்த்தார்கள். பெரிய மோதல் ஏதும் இல்லை. ஆனால் நாளாக ஆக அசைவு குறைந்து, உறக்கம் கூடி, ஒருவருக்கு நாளின் சுழற்சியே 24 மணி நேரத்திலிருந்து நழுவி, மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆபத்து சண்டையில் இருப்பதைவிட இந்த மந்தத்தில்தான் அதிகம் என்று தோன்றுகிறது. நிலையத்திலும் ஒரு நாளில் 16 சூரிய உதயம் என்பதால் உறக்கம் சராசரியாக ஆறு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. தூக்க மாத்திரை பயன்பாடு அங்கே சாதாரணம்.

ஐயப்பாடு

இவ்வளவும் படித்தபின் நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். 600 மில்லிசீவர்ட் என்ற வரம்பைச் செவ்வாய்ப் பயணம் தாண்டும் என்று நிலாமுற்றம் எழுதினார். தாண்டும் என்று தெரிந்தே அனுப்புவது எந்த நெறியில் சேரும்? பயணி கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமா?

நிலாமுற்றம்

2022க்கு முன்பு இந்த வரம்பு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாறுபட்டது. மார்பகம், நுரையீரல் ஆகியவற்றில் பெண்களுக்கு ஆபத்து கூடுதல் என்ற கணக்கினால், ஒரே வயதுடைய ஆணைவிடப் பெண்ணுக்குப் பறக்கும் நாள்கள் குறைவாகவே கிடைத்தன. ஆபத்தைக் குறைக்கும் விதி ஒரு சாராரின் பணிவாய்ப்பையும் சேர்த்தே குறைத்ததால், அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2021இல் ஆராய்ந்து, எல்லோருக்கும் ஒரே வரம்பு என்ற முறையை ஆதரித்தது. வரம்பைத் தாண்டும் பயணங்களுக்கு விலக்கு அளிக்கும் நடைமுறை பற்றியும், ஒவ்வொரு பயணிக்கும் அவருக்குரிய ஆபத்தைப் புரியும்படி விளக்க வேண்டியது பற்றியும் அதே குழு பேசியிருக்கிறது.

என் துறையில், அணுமின் நிலையப் பணியாளர் தாம் ஏற்கும் அளவை மறுநாளே மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம், போதும் என்று வெளியே வந்துவிடலாம். பாதிவழியில் போதும் என்று சொல்ல முடியாதவரிடம் வாங்கும் கையெழுத்து அதே எடையுள்ளது என்று நான் நினைக்கவில்லை. ஆகவே, விலக்கு அளிப்பதற்கு முன்பு பயண நாள்களைக் குறைக்கும் வேகமான உந்துவிசைக்குப் பணம் செலவிடுவதே முறை என்பது என் நிலைப்பாடு. 360 நாளை 200 நாளாக்கினால் வழியில் ஏற்கும் அளவு ஏறத்தாழ 360 மில்லிசீவர்ட்டாகக் குறையும். தரையில் தங்கும் காலத்தையும் மண்ணுக்கு அடியில் அமைந்த இருப்பிடத்தில் கழித்தால், வரம்புக்குள்ளேயே போய்வர வழி பிறக்கும்.